நாலாவது கண்ணாடி

மேலே கூரை காங்கிரீட் போட நல்ல நேரம் பத்தரை என்று காண்ட்ராக்டர் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லியிருந்தார். இப்போது மணி பத்தேகால். இந்தக் கால் மணி நேரத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியாமல் பேச்சியம்மாள் கீழே சார்பதிவாளர் ஆபீஸ் கூடத்தில், சுவரோரமாகக் கிடந்த மர பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளர் அவள். இந்தக் கிழட்டுக் கட்டடத்தின் தலையில் ஒரு மாடி ஏறுகிறது என்றால் அது அவள் போட்ட கையெழுத்தில்தான் ஏறுகிறது. பெஞ்சில் இருந்தவர்களுக்கு அதெல்லாம் தெரியுமா என்ன. எத்தனையாம் நம்பர் டோக்கன் என்று பக்கத்து அம்மாள் கேட்டாள். டோக்கன் இல்லை என்றதும், சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவளாக்கும் என்று தானே முடிவு கட்டிக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள். ஆவணி வளர்பிறை முகூர்த்தம், கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். வாங்குகிறவன், விற்கிறவன், அவனுடைய அக்கா தங்கச்சி, அவர்கள் இடுப்பில் பிள்ளை, பத்திரம் எழுதுகிறவர் என்று நூறு தலைக்குக் குறையாது. காற்றாடி சுற்றுகிறது என்று பேர், காற்று வந்தால்தானே. சாப்பாட்டுப் பையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளி, மஞ்சள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டாள். தற்போதுள்ள சுவர்கள் கூடுதல் தளத்தைத் தாங்கும் நிலையில் உள்ளன. இந்த வரி காலையில் பல் விளக்கும்போதே வாய்க்குள் வந்துவிட்டது, கொப்பளித்தும் போகவில்லை. பஸ்ஸில் வந்தது, இறங்கும்போது கூடவே இறங்கியது. நிலையில் உள்ளன. அவளே எழுதிக் கொடுத்த சான்றின் வரி. ஆடி மாசம் பதினெட்டாம் பெருக்குக்கு முந்தின நாள், லீவு வருகிறதே அதற்குள் முடித்துவிடு என்று இ.இ. போனில் விரட்ட விரட்ட எழுதியது. செயற்பொறியாளர் என்று முழுசாகச் சொல்ல யாருக்கு நேரம், ஆபீசில் எல்லாருக்கும் அவர் இ.இ.தான்.

கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தது. முழ அகலச் சுவர், சுண்ணாம்புக் காரை, உத்தரக்கட்டை போட்ட மச்சு. இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டலாம் என்றால் இடிக்க உத்தரவு வராது. வேறு இடத்துக்குப் போங்கள் என்றால் ஊரில் வாடகைக்குக் கட்டடம் கிடைக்காது. கிடைத்தாலும் நூற்றைம்பது வருஷத்துப் பத்திர வால்யூமை யார் தூக்கிச் சுமப்பது. அதனால் கீழே பதிவு நடக்கட்டும், மேலே மாடி எழும்பட்டும் என்று முடிவானது. உள்ளே சமையலை நடத்திக்கொண்டே வீட்டுக்குக் கூரை மாற்றுகிற மாதிரிதான். சான்று வருமுன்பே வேலையைத் தொடங்கி, மச்சை எடுத்துவிட்டு உத்தரமும் தளமும் புதுசாகப் போட்டாயிற்று, அதன்மேல் மாடிச் சுவரும் எழும்பியாயிற்று. ஆனால் எல்லாம் உட்கார்ந்திருப்பது அதே பழைய சுவரின் தோளில். கூடாது என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தாள். ஏனென்றால் தென்மேற்கு மூலையில், இதோ இந்தப் பெஞ்சுக்கு நேரே எதிரில், ஜன்னல் மேல்கட்டையிலிருந்து கோணலாக மேலே போகிற விரிசல் ஒன்று இருந்தது. விரல் நகம் நுழையும். அந்த மூலைக்கு வெளியேதான் கக்கூஸ் தண்ணீர் வருஷக்கணக்காகத் தேங்கி நின்றது. பழைய விரிசல் என்றால் பயமில்லை, கிழவனின் முகச்சுருக்கம் மாதிரி அது பாட்டுக்குக் கிடக்கும். நகர்கிற விரிசலா என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு வழி உண்டு. விரிசலுக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையையும் சாந்தால் ஒட்டிவிடுவது. சுவர் ஒரு மயிரிழை விலகினாலும் கண்ணாடி பட்டென்று போய்விடும். அதற்கு ஒளிக்கத் தெரியாது. சித்திரையில் அவளேதான் ஏணி போட்டு ஏறி ஒட்டினாள். தேதியைச் சாந்தில் ஊக்கால் கீறினாள். பிறகு, ஈரம் காய்வதற்குள், எதற்கென்று தெரியாமல், தன் கட்டைவிரலைச் சாந்தில் ஒரு அழுத்து அழுத்தினாள். கீழே நாள் முழுக்க ஜனங்கள் கைநாட்டு வைப்பதைப் பார்த்துப் பார்த்து வந்த புத்தியாக இருக்கும். அன்றைக்குச் சிரிப்பு வந்தது.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். கண்ணாடி உடையவில்லை. கண்ணாடி உடையவில்லை. எட்டு வரி. எட்டும் தங்கப்பழம் அண்ணாச்சியின் எழுத்து, கையெழுத்து மட்டும் அவளுடையது, எட்டையும் ஒரே உட்காரலில் போட்டாள். தங்கப்பழம் வேலை ஆய்வாளர், மார்கழியோடு ரிட்டயர் ஆகிறார், பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று பேர். அவள் ஏன் வரவில்லை? மூன்று பிரிவுக்குப் பொறுப்பு, நேரமில்லை, ஜீப்பில்லை. யாரும் கேட்டால் சொல்ல இதெல்லாம் இருக்கிறது. ஆனால் இந்தப் பெஞ்சில், இந்தப் புழுக்கத்தில், தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அது போதவில்லை. பார்க்கப் பயம், அதுதான் நிஜம். உடைந்திருந்தால் திட்டம் கவிழும், இ.இ. குதிப்பார், உனக்கு மட்டும் என்னம்மா இவ்வளவு சந்தேகம் என்பார். பார்க்காத வரைக்கும் கண்ணாடி முழுசாகத்தானே இருக்கிறது. சர்க்கரை பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் ஏழு மாசமாகப் பர்சில்தான் கிடக்கிறது, மடிப்பில் கிழிந்தும்விட்டது. ஆனால் இன்றைக்குத்தான் கண்ணெதிரே முழுசாக இருக்கிறதே, அப்புறம் என்ன. இருக்கிறது. வெயில் பட்டு மின்னக்கூடச் செய்கிறது. தாங்கும் நிலையில் உள்ளன. போதும் பேச்சி, சும்மா இரு.

பதினேழாம் நம்பர் என்று உள்ளே கூப்பிட்டார்கள். பக்கத்து அம்மாளுக்குப் பதினெட்டு. மகள் பேருக்கு ரெண்டு சென்ட் எழுதி வைக்கிறாளாம், மகளும் வந்திருக்கிறாள், நிறைமாசம், சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறாள். சுவரில் சாய்ந்து. பேச்சியம்மாளுக்கு எந்தச் சுவரிலும் சாய்கிற பழக்கமில்லை. கல்யாண வீட்டில்கூட நடுக்கூடத்தில்தான் உட்காருவாள், மாமியார் அதைத் திமிர் என்று நினைத்தாள். மூணாங்கிளாஸ் படிக்கும்போது பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துச் சுவர் விழுந்தது. மழைகூட இல்லை, நல்ல வெயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரும் இல்லாத நேரத்தில், இருந்த வாக்கில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஊர் முழுக்கக் கூடி நின்று ஒரே பேச்சுதான் பேசியது: நல்லவேளை ஞாயித்துக்கிழமை. வாத்தியார் சொன்னார், ஆயா சொன்னாள், அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து பார்த்து அவரும் சொன்னார். அவள் ஒன்பது வயசில் அங்கே நின்றுகொண்டு, வெள்ளிக்கிழமை மறந்து வைத்துவிட்டுப் போன தன் அலுமினியத் தட்டைத் தேடினாள். அவள் தினமும் உட்காரும் இடத்தில்தான் கிடந்தது. அப்பளம் மாதிரித் தட்டையாக இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது என்று அம்மா பிடுங்கி எறிந்துவிட்டாள். அந்தச் சுவருக்கும் யாரோ ஒரு ஆள், தாங்கும் நிலையில் உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பான் அல்லவா, அவனும் ஞாயிற்றுக்கிழமைக்கு நன்றி சொல்லியிருப்பான். இன்றைக்கு என்ன கிழமை? வியாழன். தெரிந்துகொண்டே கேட்கிறாள் பாருங்கள்.

உள்ளே எட்டிப் பார்த்தால் குமாஸ்தா ஒரு பெரியவரின் பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டிக் காகிதத்தில் உருட்டுகிறான். கண் அங்கிருந்து தானாகத் தன் கட்டைவிரலுக்கு வந்தது. சின்ன விரல், ஸ்கூல் பிள்ளை விரல் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அங்கிருந்து கண்ணாடிக்குப் போனது. சாந்தில் குழி தெரிகிறது. நல்ல குழி. புளியங்கொட்டை அளவுக்குத்தான் அவள் விரல் பதியும், இது கரண்டி அளவு இருக்கிறது. தொப்பியைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து ஜன்னலண்டை போய் அண்ணாந்து பார்த்தாள். தேதி சரி. சித்திரை மாசத்துத் தேதிதான், ஊக்கால்தான் கீறியிருக்கிறது. விரல் அவளுடையதில்லை. வேறு யாரோ கைநாட்டு வைத்திருக்கிறார்கள். வெயிலில் சாந்து விரிந்திருக்குமோ என்று நினைத்தாள். விரியாது, பொறியாளர் நினைக்கிற நினைப்பா இது. வெள்ளையடித்தவன், கண்ணாடிமேல் சுண்ணாம்பு பட்டுவிட்டது என்று மாற்றியிருப்பானோ, அப்படித்தான் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். வாசலில் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்துகொண்டிருந்த தங்கப்பழம் அண்ணாச்சியைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். அவர் வேகமாக வந்தார். அவர் கையைத்தான் முதலில் பார்த்தாள். கொத்தனார் வேலை பார்த்து வந்த கை. கரண்டி அளவு கட்டைவிரல்.

"அண்ணாச்சி, இந்தக் கண்ணாடி நான் ஒட்டினதா?"

அவர் மறைக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது என்கிற முகத்தோடுதான் சொன்னார். வைகாசியில் வெள்ளையடிக்க வந்தவன் ஏணியைச் சாத்தும்போது இடித்து உடைத்துவிட்டானாம். பாவம், மேடத்துக்குத் தெரிந்தால் சத்தம் போடுவார், அவனுக்கும் கஷ்டம், பழைய தேதியில் புதுசு ஒன்று ஒட்டிவிட்டால் போயிற்று என்று இவரே ஒட்டினாராம். மேடம் விரல் வைத்திருந்ததையும் பார்த்தாராம். அதுவும் முறை போலிருக்கிறது என்று தானும் விரல் வைத்தாராம். இடிக்கிறதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்றாள். பார்க்கவில்லை, காலையில் வந்து பார்த்தால் உடைந்து கிடந்தது, பக்கத்தில் ஏணி இருந்தது, வேறு எப்படி உடையும் என்றார். வேறு எப்படி உடையும்.

"ஒரு தடவைதானே?"

தங்கப்பழம் விரிசலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே ஏதோ உறைக்கத் தொடங்கியது போலிருந்தது.

"மூணு தடவை மேடம். ஆனியில ஒண்ணு, கதவை அடிச்சுச் சாத்திட்டாவ போலிருக்குன்னு நெனைச்சேன். ஆடிக் காத்துல ஒண்ணு. இது நாலாவது."

அந்த நேரம் பார்த்துத்தான் மேலே தேங்காய் உடைத்தார்கள். பத்தரை. முற்றத்தில் கலவை மிஷின் உறுமிச் சுற்ற ஆரம்பித்தது, முதல் சட்டிக் கலவை மேலே போய்ச் சரிந்து கொட்டுகிற ஈரச் சத்தம் கூரை வழியாக இறங்கியது. மூணு தடவை. ஏணி, கதவு, காற்று. ஒவ்வொரு தடவையும் சுவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் இந்த நல்ல மனுஷன் யாரோ ஒருத்தனைக் காப்பாற்றியிருக்கிறார். அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்து என்ன, எட்டுக் கையெழுத்தும் யாருடையது. மேலே போய் நிறுத்தச் சொல்லுங்கள், ஒரு சட்டிகூட இனிக் கொட்டக்கூடாது, நான் சொன்னேன் என்று சொல்லுங்கள் என்று அவரை விரட்டினாள். வயசை மறந்து படி ஏறி ஓடினார். சரி, நிறுத்திவிடலாம். நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் நாளைக்கு நாலு முட்டுக் கொடுத்துவிட்டு, கம்பி வளைவு சரியில்லை என்று ஏதாவது காரணம் எழுதிக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது. இத்தனை நாள் நின்றது ஒரு மணி நேரம் நிற்காதா. நிற்கும். நின்றே ஆக வேண்டும். சான்றைத் திரும்ப வாங்கினால் சஸ்பெண்ட், சந்தேகமே இல்லை, மகள் காலேஜ் சேர்கிற வருஷம், பேப்பரில் பேர் வரும், பேச்சியம்மாள் வயது நாற்பத்திமூன்று என்று வரும். சாகிறவர்களுக்கும் வயசு போடுவார்கள். நிறைமாசத்துக்காரி கண்ணைத் திறந்து, மறுபடி மூடி, சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

உள்ளே போனாள். சார்பதிவாளர் ஆவுடையப்பன் சின்ன வயசு, நல்ல பிள்ளைதான், ஆனால் அவர் கண் திரையைவிட்டு வரவில்லை. அவள் குனிந்து காதோடு சொன்னாள், எல்லாரையும் வெளியே அனுப்புங்கள், தென்மேற்கு மூலை சரியில்லை. அவர் சிரித்தார். முகூர்த்தம் பன்னிரண்டுக்கு முடிகிறது மேடம், இப்ப எழுந்திருங்கன்னா என்னை அடிப்பாங்க, நீங்கதானே நல்லாயிருக்குன்னு சர்டிபிகேட் குடுத்தீங்க, அது என் பைல்லயே இருக்கு, இப்ப இல்லைன்னா உங்க இ.இ.கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக் குடுத்துருங்க என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நியாயமாகத்தான் சொன்னார். அவள் கூடத்துக்கு வந்து, எல்லாரும் கொஞ்சம் வெளியே வாங்க என்று சொல்லிப் பார்த்தாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வரிசையைக் கலைக்கப் பார்க்கிறாள் என்று ஒருத்தர் முணுமுணுத்தார். வரிசையில் நிற்கிறவனைச் சாமி வந்து கூப்பிட்டாலும் நகர மாட்டான், தன் நம்பர் போய்விடும் என்கிற பயம் சுவர் பயத்தைவிடப் பெரிசு. எதற்குத்தான் நகர்வார்கள்? இந்த ஊரில் எதற்கு ஜனங்கள் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து வெளியே போவார்கள்? அவள் கால் அதற்குள் வராந்தா முனைக்குப் போயிருந்தது. மரப்பலகையில் மெயின் சுவிட்ச், போன மாசம் அவள் எழுதிக் கொடுத்து மாற்றியது. கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

காற்றாடிகள் தளர்ந்து நின்றன. கம்ப்யூட்டர் போயிற்று, விரல்ரேகை மிஷின் போயிற்று, யு.பி.எஸ். இரண்டு தடவை கத்திவிட்டு உயிரை விட்டது, அதன் பாட்டரி செத்து வருஷமாகிறது. கரண்டு போயிட்டு என்று ஒரு பெருமூச்சு எழுந்தது, அவ்வளவுதான், ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. முகூர்த்த நாளன்றுதான் பிடுங்குவான் என்று திட்டிக்கொண்டே பத்திரத்தை விசிறியாக வீசி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, வழக்கம்போல எதிரே இருந்த புங்கமரத்தடிக்குப் போனார்கள். நிறைமாசத்துக்காரியை அவள் அம்மாள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். மேலே இருந்தவர்கள் இறங்கினார்கள், காண்ட்ராக்டர் இறங்கும்போதே சத்தம் போட்டுக்கொண்டு இறங்கினார். கடைசியாகச் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு வந்த ஆவுடையப்பன், தெருவில் எதிர்க்கடையில் காற்றாடி சுற்றுவதைப் பார்த்தார். நம்ம ஆபீஸ் மெயினை யார் அணைத்தது என்றார். மின்வாரியத்தின் தலையில் போட்டுவிடலாம், ஒரு நிமிஷம் அப்படியும் தோன்றியது.

"நான்தான் சார் அணைச்சேன். நான் குடுத்த சர்டிபிகேட் தப்பு. பாக்காம குடுத்தேன்."

இந்தத் தடவை குரல் கேட்டது. சாட்சிக்கு வந்தவள் என்று நினைத்த அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். காண்ட்ராக்டர் ஏதோ சொல்ல வந்தவர், இ.இ.க்குப் போன் போட்டு அவள் காதில் வைத்தார். அவள் அதையே மறுபடி சொன்னாள். எழுத்திலும் தருகிறேன் என்றாள். மறுமுனையில் அவர், நீ எங்க நிக்கே தெரியுதா, என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். வெயிலில்தான் நிற்கிறாள். எல்லாரும் கட்டடத்தைப் பார்த்தார்கள். அது சொகுசாக, இன்னும் நூறு வருஷம் இருப்பேன் என்கிற மாதிரி நின்றது. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். ஒரு காரைகூட உதிரவில்லை. நல்லாத்தானே இருக்கு என்று யாரோ சொன்னார்கள். இன்னொருத்தர் சிரித்தார். முகூர்த்தம் போகிறது, எங்களை உள்ளே விடுங்கள் என்று பின்னாலிருந்து குரல் எழும்பியது. விழட்டுமே என்று நினைத்தாள். அந்த மூலை மட்டும், கொஞ்சம் மட்டும், இவர்கள் கண்ணெதிரே ஒரு தடவை விழுந்தால் போதும், நான் பிழைத்துக்கொள்வேன், விழு. இப்படி நினைக்கிறவள்தானா நான் என்று அடுத்த நொடியே மேலெல்லாம் கூசியது, ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை, விழு, விழுந்து தொலை. சொல்லிக்கொண்டே பக்கத்தில் திரும்பினால் தங்கப்பழம் அண்ணாச்சியைக் காணவில்லை. இப்பத்தான் மேடம், உங்க சாப்பாட்டுப் பை பெஞ்சுக்கு அடியில கெடக்குன்னு எடுக்கப் போனார் என்று பத்திர எழுத்தர் ஒருவர் வாசலைக் காட்டினார்.

"அண்ணாச்சி!"

இப்படி ஒரு சத்தம் தன் வயிற்றுக்குள் இருந்ததென்று அவளுக்கே தெரியாது. படிவரை ஓடிவிட்டாள். உள்ளே இருட்டாக இருந்தது. வேண்டாம், நான் சொன்னது வேண்டாம், நில், நின்று தொலை என்று எந்தச் சாமியிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னாள். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கப்பழம் வந்தார். ஓடவில்லை, மெதுவாகத்தான் வந்தார், ஒரு கையில் அவளுடைய சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் மஞ்சள் தொப்பி. படியிறங்கியவர் பையை அவளிடம் கொடுக்க மறந்து அப்படியே நின்றார்.

"நாலாவதும் உடைஞ்சிட்டு மேடம்," என்றார். "உள்ள ஆளு இல்ல. காத்து இல்ல. ஏணி ஒண்ணும் இல்ல."

அவள் அவர் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டுப் பாத்திரம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.